அந்த அம்புக்கு என்ன அர்த்தம்? பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கணினிப் பொறியியல் பாடத்திட்டம் வகுப்பவர்கள், மென்பொருள் வடிவமைப்புத் தாளுக்கு வினா எடுப்பவர்கள், ஆய்வகத் தேர்வு நடத்துபவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். போன மாதம் எங்கள் அலுவலகத்தில் புதியவர்களை எடுக்க நேர்முகத் தேர்வு வைத்தோம். எதிரில் கடைசி வருட மாணவி ஒருவர். “பாஸ்போர்ட் ஆட்டோமேஷன் சிஸ்டத்துக்கு ஒரு சீக்வென்ஸ் டயக்ராம் போடுங்க” என்றேன். யார் யாருக்கு எந்த வரிசையில் செய்தி அனுப்புகிறார்கள் என்று காட்டும் படம் அது. நம் கல்லூரிகளில் கணினி படித்தவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போடுவார்கள். பாஸ்போர்ட், புக் பேங்க், தேர்வுப் பதிவு, ரயில் டிக்கெட் என்று ரெக்கார்ட் நோட்டில் வரிசையாக வருமே, அந்த வரிசையைச் சேர்ந்தது. அவரும் ஸ்கேல் இல்லாமலே அழகாகப் போட்டார். விண்ணப்பதாரர், வங்கி, காவல் நிலையம், பாஸ்போர்ட் அலுவலகம் என நான்கு செங்குத்துக் கோடுகள். குறுக்கே அம்புகள். கடைசி அம்பின் மேல் “பாஸ்போர்ட் வழங்கு.”

“சரி, போலீஸ் விசாரணை முடியறதுக்கு முன்னாடியே பாஸ்போர்ட் கைக்கு வந்துட்டா, உங்க படத்துப்படி அது தப்பா?”

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். “படத்துல அப்படி வரலை சார்.”

“வரலைன்னா, வரக்கூடாதுன்னு அர்த்தமா? இல்ல, நீங்க வரையலைன்னு மட்டும் அர்த்தமா?”

“அது… டயக்ராம்தானே சார்.”

தட்கலில் வாங்கியவர்களுக்குத் தெரியும், பாஸ்போர்ட் முதலில் வந்துவிடும், போலீஸ்காரர் அப்புறம்தான் வீட்டுக்கு வருவார். ஆகவே “வரக்கூடாது” என்று பொருள் கொண்டால் அந்தப் படம் தப்பு. “ஒருநாள் இப்படி நடந்தது” என்று மட்டும் பொருள் கொண்டால் படம் சரிதான், ஆனால் நிரல் எழுதுகிறவருக்கு அதில் கட்டளை எதுவும் இல்லை. இந்த இரண்டில் எது என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டோம். “டயக்ராம்தானே” என்பது மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. நாலு வருடப் படிப்பில் நாம் கற்றுக்கொடுத்த பாடம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

குறையை உங்கள் தலையில் மட்டும் கட்டப்போவதில்லை. நானும் இந்தத் தொழிலில் பல வருடமாக டயக்ராம்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொண்டிருப்பவன். அப்படிக் கையெழுத்துப் போட்ட ஒன்றில் மாட்டிய கதையைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளருக்காக ஆர்டர் நிர்வாக மென்பொருள் செய்தோம். ஆர்டர் எந்தெந்த நிலையில் இருக்கும், எது நடந்தால் எந்த நிலைக்குப் போகும் என்று காட்டும் ஸ்டேட் டயக்ராமில் “ஆர்டர் நடப்பில்” என்று ஒரு பெரிய கட்டம். அதற்குள் “பணம் சரிபார்ப்பு”, “பேக்கிங்”, “லாரியில்” என்று மூன்று சின்னக் கட்டங்கள். பெரிய கட்டத்தின் விளிம்பிலிருந்து ஓர் அம்பு: “ரத்து” என்ற ஈவென்ட் வந்தால் “பணம் திருப்பு” நிலைக்குப் போ. உள்ளே “பேக்கிங்” கட்டத்திலிருந்தும் ஓர் அம்பு: அதே “ரத்து” வந்தால் “மேற்பார்வையாளர் ஒப்புதல்” நிலைக்குப் போ. கட்டிய பெட்டியைப் பிரிக்க வேண்டுமே, அதற்காக.

பேக்கிங் நடக்கும்போது வாடிக்கையாளர் ரத்து பட்டனை அழுத்தினால் எந்த அம்பு ஓடும்?

எங்கள் டீம் ஒரு ரெடிமேட் ஸ்டேட் மெஷின் லைப்ரரியைப் பயன்படுத்தியது. அதன் விதிப்படி உள்ளே இருக்கும் அம்புக்குத்தான் முதல் மரியாதை. பணம் திருப்பும் பகுதியை எழுதியது வேறு ஊர் டீம். அவர்கள் கையாலேயே எழுதினார்கள். பெரிய கட்டத்து அம்பு என்றால் “உள்ளே எங்கே இருந்தாலும் சரி, வெளியே வா” என்று படித்தார்கள். விளைவு, பணம் திரும்பிப் போய்விட்டது, பெட்டி ஒப்புதலுக்காகக் காத்திருந்தது. மேற்பார்வையாளர் “பிரிக்க வேண்டாம், அனுப்பு” என்று அழுத்த, பெட்டியும் லாரி ஏறியது. பணமும் போச்சு, சரக்கும் போச்சு. ஒரு வாரம் கழித்துக் கணக்குப் பார்த்த இடத்தில்தான் பிடிபட்டது.

அப்புறம் ஒரு மீட்டிங். இரண்டு டீமும் அதே டயக்ராமை அச்சடித்துக் கொண்டுவந்து, அதே கட்டத்தின் மேல் விரலை வைத்து, “இதோ பாருங்க, இங்க தெளிவா இருக்கு” என்றன. பொய் சொன்னவர் யாரும் இல்லை. கீழே மூலையில் என் கையெழுத்து.

பிறகு தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இது எங்களுக்கு மட்டும் வந்த குழப்பம் இல்லை, துறையிலேயே பேர்போன குழப்பம். கட்டத்துக்குள் கட்டம் போடும் இந்த ஸ்டேட்சார்ட் முறையைக் கண்டுபிடித்தவர் டேவிட் ஹாரெல். 1983இல், லாவி என்ற போர்விமானத்தை உருவாக்கிக்கொண்டிருந்த இஸ்ரேல் விமான நிறுவனத்துக்கு ஆலோசகராகப் போயிருந்தார். அங்கே இருந்த பொறியாளர்கள் ஒவ்வொருவரும் தம் துறையில் கெட்டிக்காரர்கள். ஆனால் “இந்த நிலையில் இந்தப் பட்டனை அழுத்தினால் என்ன ஆகும்?” என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். தடித்தடியான ஆவணங்களைப் புரட்டினாலும் விடை ஒன்றாக வராது. அந்தக் கேள்விக்கு ஒரே விடை வர வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் படமுறையே பிறந்தது. 1987இல் கட்டுரையாக வெளிவந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. படம் எல்லோருக்கும் பிடித்துப்போனது, ஆளாளுக்கு ஒரு பொருள் வைத்துக்கொண்டார்கள். 1994இல் ஓர் ஆய்வாளர் எண்ணிப் பார்த்தபோது ஏறக்குறைய 20 வகை ஸ்டேட்சார்ட்கள் இருந்தன. நான் மாட்டிய அதே கேள்விக்கு, ஹாரெலின் குழு செய்த ஸ்டேட்மேட் கருவி “வெளி அம்பு முதலில்” என்கிறது. மென்பொருள் படங்களுக்கான பொதுத் தரமான யூஎம்எல் “உள் அம்பு முதலில்” என்கிறது. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. வெளியே இருப்பது அவசர நிறுத்தம் மாதிரி, அதை உள்ளே இருக்கும் யாரும் தடுக்கக் கூடாது என்பது முதல் கட்சி. பொது விதியைச் சிறப்பு விதி மாற்றலாம், துணை கிளாஸ் தாய் கிளாஸின் மெத்தடை மாற்றி எழுதுகிற மாதிரி என்பது இரண்டாவது கட்சி. எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். எதை வைத்துக்கொண்டோம் என்று எழுதாமல் விட்டதுதான் எங்களைக் கவிழ்த்தது.

கார்களின் கட்டுப்பாட்டு மென்பொருளில் பரவலாக உள்ள ஸ்டேட்ஃப்ளோ என்ற படக் கருவியைப் பாருங்கள். ஒரே இடத்திலிருந்து கிளம்பும் இரண்டு அம்புகளில் எதை முதலில் சோதிப்பது என்பதற்கு அதில் ஒரு பழைய விதி இருந்தது: மற்றபடி சமமாக இருந்தால், கடிகாரத்தில் 12 மணி இருக்கும் இடத்திலிருந்து வலம் சுற்றி வந்து, எந்த அம்பு முதலில் படுகிறதோ அது. அதாவது, படம் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஒரு கட்டத்தை நகர்த்தினால் நடத்தையே மாறிப்போகலாம். பிறகு வரிசை எண்ணை நாமே போட்டுக்கொள்ளும் வசதி வந்தது. எனக்கு அந்த 12 மணி விதி பிடிக்காது. ஆனாலும் அது ஒரு விதி. அதைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தப் படம் இப்படித்தான் ஓடும் என்று சண்டையில்லாமல் சொல்லிவிடலாம். எங்கள் ஆர்டர் படத்துக்கு அதுகூட இல்லை.

படத்துக்குப் பொருள் கொடுப்பது என்றால் ஏதோ முனைவர் பட்ட சமாசாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். அந்த மாணவி வரைந்த படத்திலிருந்தே இரண்டு அம்புகளை எடுத்துக்கொள்வோம். வங்கியிலிருந்து அலுவலகத்துக்குப் “பணம் வந்தது.” அதற்குக் கீழே, காவல் நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கு “விசாரணை முடிந்தது.” இதில் நடப்பவை நான்கு: வங்கி அனுப்புவது, அது வந்து சேர்வது, காவல் நிலையம் அனுப்புவது, அது வந்து சேர்வது. எந்தச் செய்தியும் அனுப்பிய பிறகுதான் சேரும். அலுவலகத்தின் கோட்டில் வங்கிச் செய்தி மேலே, போலீஸ் செய்தி கீழே என்று வரைந்திருப்பதால், அந்த வரிசையில்தான் அவை சேரும் என்று படம் சொல்கிறது. இந்த நிபந்தனைகளுக்குள் நான்கையும் எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம்? எண்ணிப் பாருங்கள், 3 விதம்.

இனி படத்தை மறந்துவிட்டு நிஜத்தைப் பாருங்கள். வங்கி அனுப்பிவிட்டதா என்று காவல் நிலையத்துக்குத் தெரியாது, இவர்களைப் பற்றி வங்கிக்கும் தெரியாது. அனுப்பிய பிறகே சேரும் என்ற ஒரு நிபந்தனைதான் மிச்சம். அப்போது 6 விதம். படம் அனுமதிப்பது 3, நெட்வொர்க் தரக்கூடியது 6. மிச்சம் இருக்கும் மூன்றில், விசாரணை அறிக்கை முதலில் வந்து, பணம் வரவில்லை என்று விண்ணப்பத்தைத் தூக்கி எறியும் நிரல் உட்கார்ந்திருக்கிறது. நள்ளிரவில் போன் வருவது அந்த மூன்றால்தான்.

அவ்வளவுதான் விஷயம். ஒரு படம் என்பது எந்தெந்த நிகழ்வு வரிசைகளின் தொகுப்பு என்று சொல்லிவிட்டால், அதற்குப் பொருள் கிடைத்துவிட்டது. இப்போது எண்ணலாம், ஒப்பிடலாம், தப்பு என்று நிரூபிக்கலாம். 1996இல் பெல் ஆய்வகத்தில் அலூர், ஹோல்ஸ்மன், பெலெட் மூவரும் இந்த மாதிரி முந்திக்கொள்ளும் செய்திகளைப் படத்திலிருந்தே கண்டுபிடிக்கும் கருவி செய்தார்கள். தொலைபேசித் துறைக்காரர்கள் இந்தப் படங்களுக்கு இசட் 120 என்று சர்வதேசத் தரமே வைத்து, கணிதமுறைப்படி பொருளும் எழுதிவைத்தார்கள். “நடக்கலாம்” என்பதையும் “நடந்தே ஆக வேண்டும்” என்பதையும் வேறு வேறு கோடுகளால் வரையும் முறையை ஹாரெலும் வெர்னர் டாமும் 2001இல் வெளியிட்டார்கள். நேர்முகத் தேர்வில் நான் கேட்ட கேள்விக்கு அப்போதே விடை இருந்தது.

இன்னொன்று, சொன்னால் உங்களுக்கே சிரிப்பு வரும். இந்தச் செய்திப் படங்களின் கோட்பாட்டில் முக்கியமான ஒரு பகுதி நம் ஊரில் எழுதப்பட்டது. பி.எஸ். தியாகராஜன், மாதவன் முகுந்த், நாராயண் குமார் ஆகியோர் இன்னும் இருவருடன் சேர்ந்து 2005இல் வெளியிட்ட கட்டுரை, எந்த மாதிரிப் படத் தொகுப்புகளை இயந்திரத்தால் முழுமையாகச் சரிபார்க்க முடியும் என்பதை ஆராய்கிறது. இவர்களில் முகுந்தும் நாராயண் குமாரும் பணியாற்றிய சென்னை கணிதவியல் கழகம் சிறுசேரி சிப்காட் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. அதே வளாகத்தில், அதே சாலையில், ஆயிரக்கணக்கான பேர் தினமும் பொருளில்லாத சீக்வென்ஸ் டயக்ராம் வரைந்து ஷேர்பாயின்ட்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். இதற்கும் முன்னால், 1970களில், தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களுக்கே இலக்கணம் எழுதி உலகத்துக்குக் காட்டினார்கள். வாசலில் போடும் கோலத்துக்கு இலக்கணம் போதும். பணத்தைத் திருப்பித் தரும் படத்துக்கு அதற்கு மேலும் கொஞ்சம் வேண்டாமா?

இப்போது உங்கள் வினாத்தாளுக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

“அக்ரிகேஷன், காம்போசிஷன் வேறுபடுத்துக.” இரண்டு மதிப்பெண். நானும் எழுதியிருக்கிறேன். இரண்டும் ஒரு முழுமைக்கும் அதன் பகுதிக்கும் உள்ள உறவு, கோட்டின் முனையில் ஒரு வைர வடிவம் போட்டுக் காட்டுவது. துறையும் பேராசிரியரும் என்றால் வெள்ளை வைரம் (அக்ரிகேஷன்), வீடும் அறையும் என்றால் கறுப்பு வைரம் (காம்போசிஷன்). காரும் எஞ்சினும்? அதைத் திருத்துகிறவரைப் பொறுத்தது. கறுப்பு வைரத்துக்காவது யூஎம்எல் தரத்தில் விதி உண்டு: ஒரு பகுதி ஒரே நேரத்தில் ஒரு முழுமைக்குத்தான் சொந்தம், முழுமை அழியும்போது அதில் இருக்கும் பகுதியும் அழியும். வெள்ளை வைரத்துக்கு அந்தத் தரமே கையை விரித்துவிடுகிறது. அதன் துல்லியமான பொருள் துறைக்குத் துறை, வரைபவருக்கு வரைபவர் மாறும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பொருள் இல்லை என்று அதை உருவாக்கியவர்களே ஒப்புக்கொண்ட ஒரு குறிக்கு, வருடா வருடம் நாம் இரண்டு மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

யூஎம்எல்லை ஓஎம்ஜி என்ற அமைப்பு ஏற்றுக்கொண்டது 1997இல். எந்தக் கட்டத்தை எதனோடு இணைக்கலாம் என்ற இலக்கணம் அதில் விரிவாக இருந்தது. ஓடும்போது என்ன நடக்கும் என்பதைப் பெரும்பாலும் ஆங்கில வாக்கியங்களில் சொன்னார்கள், சில இடங்களில் “இது உங்கள் விருப்பம்” என்று வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். இலக்கணத்தையே பொருள் என்று நினைத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தைக் கண்டித்து ஹாரெலும் பெர்ன்ஹார்ட் ரும்பேவும் 2004இல் ஒரு கட்டுரையே எழுதினார்கள். அதே ஓஎம்ஜி பிறகு திருந்தியது. 2011இல் யூஎம்எல்லின் ஒரு பகுதிக்கு இயக்கிப் பார்க்கும் அளவுக்குத் துல்லியமான பொருள் தந்தது, 2019இல் ஸ்டேட் மெஷின்களுக்கும் தந்தது. முழு அமைப்புகளை வரைவதற்கான சிஸ்எம்எல் மொழியின், 2025இல் வந்த இரண்டாம் பதிப்பு தர்க்க வாய்பாடுகளையே அடித்தளமாக வைத்துக் கட்டப்பட்டது. நம் ரெக்கார்ட் நோட்டில் மட்டும் இன்னும் 1997தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

“தம்பி, படம் பேசிப் புரிந்துகொள்ளத்தானே, அதில் கணிதத்தைத் திணித்தால் யார் வரைவார்கள்?” என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். வெள்ளைப் பலகையில் கிறுக்கி, பேசி, போட்டோ எடுத்து, அழித்துவிடுகிற படத்தைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. பக்கத்தில் நின்று பேசுகிற ஆள்தான் அதற்குப் பொருள். ஆனால் அந்த ஆள் வேலையை விட்டுப் போன பிறகும் இருக்கப்போகிற, ஒப்பந்தத்தோடு இணைக்கப்படுகிற, வேறு ஊரில் ஒருவர் பார்த்து நிரல் எழுதப்போகிற படம் வேறு வகை. “நிரல்தான் கடைசிப் பொருள், படம் எதற்கு” என்பவர்களும் உண்டு. எங்கள் மீட்டிங்கில் அதைச் சொல்லிப் பார்த்தோம். இரண்டு டீமுக்கும் இரண்டு நிரல் இருந்தது.

எனவே நான் கேட்பது பெரிய மாற்றம் எதுவும் இல்லை. தனிப் பாடம் வேண்டாம், புதுக் கருவி வாங்க நிதியும் வேண்டாம்.

முதல் வருடத்தில் ஃப்ளோசார்ட் சொல்லித்தருகிறீர்கள். ராபர்ட் ஃபிளாய்ட் 1967இல் செய்ததையும் ஒரு வகுப்பு சேர்த்துச் சொல்லுங்கள். ஃப்ளோசார்ட்டின் ஒவ்வோர் அம்பின் மேலும், “இந்த இடத்தைக் கடக்கும்போது இது உண்மை” என்று ஒரு கூற்றை எழுதினார். நிரல் சரி என்று நிரூபிக்கும் துறை வளர்ந்ததற்கு அது ஒரு பெரிய காரணம். மூன்று எண்களில் பெரியது எது என்ற அதே அரதப் பழசு ஃப்ளோசார்ட்டில் இதைச் செய்துகாட்ட அரை மணி நேரம் போதும்.

ஆய்வகத்தில் ஒரு நாள் கணினியை அணைத்துவிட்டுப் புளியங்கொட்டை கொண்டுவரச் சொல்லுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. கார்ல் ஆடம் பெட்ரியின் 1962ஆம் வருட ஆய்வேட்டிலிருந்து வளர்ந்த பெட்ரி வலைக்கு வேறு எதுவும் தேவையில்லை. மேசையில் சாக்பீஸால் வட்டங்கள் போட்டு, நடுநடுவே குச்சிகள் வைத்து, வட்டத்துக்கும் குச்சிக்கும் இடையே அம்புகள் போடுங்கள். ஒரு குச்சிக்குள் அம்பு வரும் எல்லா வட்டங்களிலும் கொட்டை இருந்தால்தான் அந்தக் குச்சி இயங்கும், அங்கே ஒவ்வொன்றை எடுத்து, வெளியே போகும் வட்டங்களில் ஒவ்வொன்றைப் போடும். புக் பேங்க் பயிற்சியையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு வட்டம் புத்தகம், ஒரு வட்டம் பதிவேடு, இரண்டிலும் ஒவ்வொரு கொட்டை. முதல் மாணவன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பதிவேட்டுக்கு வருகிறான். இரண்டாமவன் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு புத்தகத்தைத் தேடுகிறான். இரண்டு நகர்த்தலுக்குப் பிறகு மேசையில் ஒரு கொட்டையும் நகராது. டெட்லாக் என்று இரண்டு பக்கம் மனப்பாடம் செய்தவன்கூட அந்த இடத்தில் ஒரு கணம் கையைத் தூக்கியபடியே நிற்பான்.

அப்புறம் வினாத்தாள். “வரைக” என்ற கேள்வியில் பாதியை “படிக்க” என்று மாற்றுங்கள். படத்தை நீங்களே கொடுத்துவிடுங்கள். வெள்ளை வைரக் கேள்விக்குப் பதிலாக இப்படி ஒன்று கேட்கலாம்:

“கொடுக்கப்பட்டுள்ள ஸ்டேட் டயக்ராமில் ஆர்டர் ‘பேக்கிங்’ நிலையில் இருக்கிறது. ‘ரத்து’ ஈவென்ட் வருகிறது. (அ) உள் அம்புக்கு முன்னுரிமை என்று கொண்டால் அடுத்த நிலை என்ன? (ஆ) வெளி அம்புக்கு முன்னுரிமை என்று கொண்டால் என்ன? (இ) இந்த இரண்டில் எதைக் கொண்டாலும் ஒரே விடை வரும்படி படத்தைத் திருத்துக.”

இதில் மூன்றாவது பகுதிக்கு நான் திருத்தும் தாளாக இருந்தால் பத்து மதிப்பெண் போடுவேன். ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடை உண்டு. வெளி அம்பை எடுத்துவிட்டு, மற்ற இரண்டு சின்னக் கட்டங்களிலிருந்தும் தனித்தனி அம்பு போடலாம். “பேக்கிங்கில் இல்லாதபோது மட்டும்” என்று வெளி அம்பின் மேல் நிபந்தனை எழுதலாம். கைடு புத்தகத்தில் இருக்காது என்பது கூடுதல் லாபம்.

ஆய்வகத் தேர்வுக்கு வரும் வெளித் தேர்வாளர்களுக்கும் ஒரு வார்த்தை. வைவாவில் “இது என்ன டயக்ராம்?” என்று கேட்பதை விட்டுவிட்டு, ஏதாவது ஓர் அம்பைத் தொட்டு, “இது இல்லாவிட்டால் எது நடக்கும்?” என்று கேட்டுப் பாருங்கள். மாணவர் திணறினால் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம், முதல் இரண்டு வருடம் எல்லோரும் திணறுவார்கள். என்னை இப்போது கேட்டாலும் சில படங்களில் திணறுவேன்.

புளியங்கொட்டை வகுப்பை எடுக்க ஆள் இல்லை என்று எந்தக் கல்லூரியாவது நினைத்தால், சனிக்கிழமைகளில் நான் வரத் தயார். பயணப்படி வேண்டாம். கொட்டையும் நானே கொண்டுவருகிறேன், வீட்டில் இந்த வருடப் புளி இப்போதுதான் உடைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
பழைய மாணவன் ஒருவன்,
பழைய மகாபலிபுரம் சாலை, சென்னை